யாருக்கு எழுதியது, யார் அனுப்பியது

சின்னவள் கொண்டுபோய்க் கொடுத்த தாளைப் பேராசிரியை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வெட்டு விழப்போகிறது என்பது அந்தத் துறையில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர் வரைக்கும் தெரியும். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரி.

"நீயும் உன்னோட இரண்டாவது ஆளும் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஒத்துப்போயிருக்கீங்க."

"ஆமாம் மேடம்." சின்னவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பாராட்டை வாங்கிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

"எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாகுது. இன்னிக்குக் காலையில ஃபேன் எந்த வேகத்துல சுத்தணும்கிறதுலகூட நானும் அவரும் ஒத்துப்போகல. நீங்க ரெண்டு பேரும் மனுஷங்கதானே?"

சின்னவளின் ஆராய்ச்சி இதுதான். பெண்களுக்கான இணைய இதழ்களும், செய்தித் தளங்களில் பெண்கள் பக்கம் என்று ஒதுக்கிவைத்திருக்கும் மூலையும் யாரைக் காட்டுகின்றன, யாரை மறைக்கின்றன, யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்று கண்டுபிடிப்பது. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு 'இது இன்னாரைப் பார்த்துப் பேசுகிறது' என்று அவள் மட்டும் சொன்னால் அது அவள் வாய்க்கு வந்தது என்று ஆகிவிடும். அதனால் அதே கட்டுரையை இன்னொருவரும் தனியாகப் படித்து, அதே கேள்விகளுக்குத் தனியாகப் பதில் போட வேண்டும். இரண்டு பேரும் ஓரளவு ஒத்துப்போனால்தான் பதிலை நம்பலாம். அந்த இன்னொருவர், சின்னவளின் ஓரகத்தியான பெரியவள். அதாவது கணவரின் அண்ணன் மனைவி. ஒரே கூரை, ஒரே அடுப்பு.

"வேற வேற அறையில உட்கார்ந்து, புதுக் கட்டுரைகளை எடுத்து மறுபடி பண்ணு," என்றார் கத்தரி. "மாசக் கடைசியில உன் ஆய்வேட்டைப் பார்க்கிற குழு கூடுது. இந்த அத்தியாயம் நிக்கலன்னா இந்த வருஷம் டாக்டர் பட்டம் கிடையாது. பட்டம் இல்லன்னா அந்த நிரந்தர வேலை வேற யாருக்கோ போயிடும். அது உனக்கே தெரியும்."

தெரியாமல் என்ன? ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர் என்ற வாலோடு அந்தக் கல்லூரியில் அலைகிறவள் அவள். ஆனாலும் சின்னவளுக்குத் தன் மேல் சந்தேகம் வருவது அபூர்வம். வந்தாலும் வாசலோடு திரும்பிப் போய்விடும். பேருந்தில் வரும்போது, 'இந்தக் கத்தரிக்குத் தன் வீட்டில் இல்லாத ஒற்றுமையைப் பார்த்துப் பொறாமை' என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஏனென்றால் அந்த வீட்டு ஓரகத்திகள் இருவரும் உறவுக்காரர்கள் நடுவே ஓர் அதிசயம். பதினோரு வருடமாக ஒரு சண்டை கிடையாது. திரைச்சீலை நிறமா, பிள்ளைகளின் பள்ளியா, குளிர்பெட்டி எந்த மூலையிலா, எதுவானாலும் பெரியவளிடம் இருந்து ஒரே பதில்தான் வரும்: "உனக்கு எது சரியோ அதுதான் எனக்கும்." போன வாரம்கூட அப்படித்தான். பின்பக்கம் ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. பெரியவள் வேலை விட்டு வந்ததும் அங்கேதான் ஜன்னல் விளிம்பில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கைபேசி பார்ப்பாள். அதைத் தன் படிப்பறையாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று சின்னவள் கேட்டாள். அதே பதில் வந்தது. உடனே நல்ல நீளமாக ஒரு மேசைக்குச் சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டாள். உறவுக்காரர்கள் வீட்டில் நாலு பேர் கூடினால், "எங்களுக்குள்ள அபிப்பிராய பேதமே வந்ததில்ல" என்று சின்னவள்தான் சொல்வாள். பெரியவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

அன்று மாலை பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கேட்டே விட்டாள்.

"அக்கா, பதில் போடறப்ப என்னோட பதிலைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே," என்றாள் பெரியவள், தலையணை உறையை உதறிக்கொண்டே. "ஒரே கம்ப்யூட்டர்லதானே இருந்தது. பார்க்காம எப்படிப் போடறது?"

"பார்க்கவே கூடாதுக்கா!"

"நீ காலேஜ்ல பாடம் நடத்தறவ. நீ போட்டது தப்பாவா இருக்கும்? ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டாத்தான் உனக்கு நல்லதுன்னு நீதானே சொன்ன? இடையில ரெண்டு மூணை மட்டும் மாத்திப் போட்டேன், சந்தேகம் வராம இருக்கட்டும்னு."

ஈயடிச்சான் காப்பி. அதிலும் பிடிபடாமல் இருக்க இரண்டு ஈயை மட்டும் அடிக்காமல் விட்ட காப்பி. சின்னவளுக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். பெரியவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்து முடித்த முகம் அது.

"இந்தத் தடவை எனக்கு நல்லது பண்ணாதீங்கக்கா. உங்களுக்கு எது தோணுதோ அதை மட்டும் போடுங்க."

"எனக்குத் தோணறது எதுக்குடி?" என்றாள் பெரியவள். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பெரியவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். தொலைபேசியில் நேரம் ஒதுக்குவது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைப்பது, உள்ளே துளைபோடும் சத்தம் கேட்டு எழுந்து ஓடப்பார்க்கிறவர்களைப் பேசிச் சமாளிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சாவி அவளிடம் இருந்தது. மருத்துவரிடம் கேட்டதற்கு, "நாற்காலியை மட்டும் ஏத்தி இறக்கி விளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு அறை, நடுவில் கதவு. இதைவிட வசதியான இடம் ஆராய்ச்சிக்குக் கிடைக்காது.

அப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை நோயாளி நாற்காலியில் பாதி சாய்ந்தபடி சின்னவள் வேலையைத் தொடங்கினாள். ஆயுதங்கள் வைக்கும் தட்டில் மடிக்கணினி. எதிரே சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பல்வரிசை சிரித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கைபேசியில் ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து, தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு முறை, "இதுக்கு நீ என்ன போட்ட?" என்று குரல் வந்தது. சின்னவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாதிகூடத் தேறவில்லை.

கலங்குகிற ஜாதி இல்லை சின்னவள். ஒத்துப்போகாத இடங்களை இருவரும் உட்கார்ந்து பேசுவது ஆராய்ச்சி முறையிலேயே உண்டு. இரண்டு நாற்காலியைக் காத்திருப்போர் பகுதியில் இழுத்துப் போட்டாள்.

முதல் கட்டுரை, வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையைச் சிரித்தபடி தொடங்குவது எப்படி என்று. படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி, இடுப்பில் குழந்தை, கையில் மடிக்கணினி. சட்டையில் ஒரு சொட்டுப் பால் கறைகூடக் கிடையாது. யாரைப் பார்த்துப் பேசுகிறது என்ற இடத்தில், 'வேலைக்குப் போகும் பெண்' என்று சின்னவள் போட்டிருந்தாள். 'கணவன்' என்று பெரியவள் போட்டிருந்தாள்.

"எப்படிக்கா? முதல் வரியே 'தோழியே'ன்னு ஆரம்பிக்குது."

"ஆரம்பிக்கட்டும். எனக்கு இதை அனுப்பினதே இவர்தான். நான் பாதிகூடப் படிக்கல. இவர் முழுசா படிச்சுட்டு, 'பிரமாதமா எழுதியிருக்காங்க'ன்னு சொன்னார். யாருக்குப் பிரமாதமா இருக்கோ அவங்களைப் பார்த்துத்தானே பேசுது?"

"யார் அனுப்பினாங்கங்கறது வேறக்கா. எழுத்துக்குள்ள என்ன இருக்குன்னுதான் நாம பார்க்கணும்."

"அதை நீ சொல்லவே இல்லையே."

சொல்லவில்லைதான். அடுத்து, செவிலியர் வேலைநிறுத்தம் பற்றி ஒரு செய்தி. அது செவிலியர்களைப் பார்த்துப் பேசுகிறது என்று பெரியவள் போட்டிருந்தாள். சின்னவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மருத்துவமனை நடைபாதையில் அழும் ஒரு நோயாளியின் மனைவி. தலைப்பில் 'அவதி'. எடுத்த பேட்டி நாலும் நோயாளிகளின் உறவினர்களிடம்.

"அட, ஒரு நர்ஸ்கூட இல்லையே," என்றாள் பெரியவள். "அவங்களைப் பத்திச் செய்தி, அவங்களுக்கு அதுல இடமே இல்ல. இது நீ சொல்றதுதான் சரி." இந்த 'சரி' வழக்கமாக வீட்டில் கேட்கிற 'சரி' மாதிரி இல்லை. கொஞ்சம் தாமதமாக, படத்தை மறுபடி ஒரு முறை பார்த்த பிறகு வந்தது. சின்னவள் அதைக் கவனித்தாள்.

ஏழெட்டுக் கட்டுரை இப்படிப் போயிற்று. சில இடத்தில் இவள் ஜெயித்தாள், சில இடத்தில் அவள். சின்னவளுக்கு உற்சாகம்கூட வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கட்டுரை வந்தது. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள், நகமும் சதையுமாக இருப்பது எப்படி என்று. படத்தில் இரண்டு பெண்கள் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, ஒரே நகைச்சுவைக்குச் சிரிப்பதுபோல் சிரித்தார்கள். 'இரு மருமகள்களையும் சமமாக' என்று சின்னவள் குறித்திருந்தாள். பெரியவள் தாளில் 'மூத்தவளை மட்டும்' என்று இருந்தது.

"இது ரெண்டு பேருக்கும் பொதுதானேக்கா?"

"படிச்சுப் பாரு."

சின்னவள் வாய்விட்டுப் படித்தாள். வயதில் பெரியவர் என்பதால் முதலில் விட்டுக்கொடுங்கள். இளையவரின் திறமையை நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள். சின்ன விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அறைகளைப் பங்கிடும்போது பெருந்தன்மை காட்டுங்கள். இப்படியே போயிற்று. கடைசியில் இளையவருக்கு ஒரே ஒரு வரி: அந்த அன்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

"ஆமா," என்றாள் சின்னவள் மெதுவாக. "செய்ய வேண்டியதெல்லாம் மூத்தவதான். நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்? இதையும் அவர்தான் அனுப்பினாரா?"

பெரியவள் எழுந்துபோய்க் கண்ணாடித் தடுப்பை ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அக்கா?"

"விடேன்."

"யார் அனுப்பினதுன்னு சொல்லுங்கக்கா. ஆராய்ச்சிக்கு வேணும்."

"நீதாண்டி."

சின்னவள் நம்பவில்லை. பெரியவள் கைபேசியைத் தள்ளித் தள்ளி எடுத்துக் காட்டினாள். மூன்று வருடம் பழையது. முன்பக்கப் படுக்கையறையைப் பெரியவள் சின்னவளுக்கு விட்டுக்கொடுத்த வாரம். கட்டுரையின் சுட்டி, அதன்கீழ் சின்னவளின் வார்த்தைகள்: 'அக்கா, நம்மளையே பார்த்து எழுதின மாதிரி இருக்கு!' கூடவே மூன்று இதயம். அதற்குப் பெரியவள் அனுப்பிய பதில், 'ஆமாம்மா.'

அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது என்பார்கள். சின்னவளின் முதுகை அந்தக் கைபேசி முழுசாகக் காட்டிவிட்டது. இந்த மாதிரித் தளங்கள் பெண்களை எப்படித் தலையாட்டி பொம்மையாக்குகின்றன என்று நாலு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் அவள். எழுதிய அத்தியாயங்களில் கணவர்களையும் ஆசிரியர் குழுக்களையும் வறுத்து எடுத்திருந்தாள். அந்த வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம். பதினோரு வருடத்தில் கேட்ட அத்தனை 'சரி'யில் எத்தனை நிஜம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

அவள் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பெரியவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"பாரு, இதுக்குத்தான் நான் அப்பவே பார்த்துப் போட்டேன். நீ மனசை விடாத. அந்தத் தாளை இங்க குடு, எல்லாத்தையும் நீ சொன்ன மாதிரியே மாத்திடறேன். பத்து நிமிஷ வேலை. என்னால உன் வேலை போகக் கூடாது."

பேனாவையும் எடுத்துவிட்டாள். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. கத்தரிக்குத் தெரியப்போவதில்லை. தொண்ணூற்றெட்டு வேண்டாம், ஒரு எண்பது போதும். இரண்டு பேர் ஒத்துப்போனார்கள் என்று ஒரு வரி, அத்தியாயம் நின்றுவிடும், வேலை கிடைத்துவிடும். இத்தனையும் சின்னவள் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்ல முடியாது.

"ஒண்ணையும் தொடாதீங்கக்கா," என்று தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க எனக்காக மாத்தினது போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்னவள் பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு வெட்கம் இருந்த இடத்தில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. தவறு ஆளில் இல்லை, கேள்வியில். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வியை அடைத்து வைத்திருக்கிறாள். எழுத்து யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறது என்பது ஒன்று. அதை யார் யாருக்கு அனுப்புவார்கள் என்பது இன்னொன்று. கேள்வியைப் பிரித்தாள். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று விளக்கி எழுதினாள். புதுக் கட்டுரைகள் எடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே பல் மருத்துவமனை, அதே தாழிட்ட கதவு. இந்த முறை பெரியவள் குரல் கொடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் சின்னவளே பொறுக்க மாட்டாமல், "அக்கா, முடிஞ்சுதா?" என்று கத்தினாள். "நீ பேசாம உன் வேலையைப் பாரு!" என்று பதில் வந்தது.

தொண்ணூற்றெட்டு வரவில்லை. ஆனால் மனிதர்களுக்கு வருகிற மாதிரி ஒரு எண் வந்தது. கத்தரி அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

குழுவில் வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கடைசிவரை வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒரே கேள்வியில் ஆளைச் சாய்க்கிறவர் என்று பெயர்.

"உங்க இரண்டாவது ஆள் உங்க ஓரகத்தி," என்றார். "ஒரே வீட்ல உங்களை அனுசரிச்சுப் போக வேண்டியவங்க. அவங்க பதிலை நான் எப்படி நம்பறது?"

"முதல் சுற்றை நீங்க நம்பவே வேண்டாம் சார்," என்றாள் சின்னவள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "அதுல அவங்க என்னைப் பார்த்து எழுதினாங்க. அதைத் தூக்கிப் போட்டாச்சு, ஏன் போட்டேன்னு அத்தியாயத்துல எழுதியும் இருக்கேன். ரெண்டாவது சுற்றுல பாதிக்குப் பாதி சண்டை. அந்தச் சண்டையிலதான் என் கேள்வியில இருந்த ஓட்டை தெரிஞ்சது. மூணாவது சுற்று உங்க கையில இருக்கு."

அவர் பக்கங்களைப் புரட்டினார். "இந்த மருமகள்கள் கட்டுரை. அனுப்பியவர் ஆய்வாளர்னு போட்டிருக்கு. அச்சுப்பிழையா?"

"இல்ல சார். நான்தான் அனுப்பினேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். சின்னவள் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இந்தத் தளங்க பெண்களைக் கூப்பிட்டுப் பேசுது. ஆனா பெண்களுக்கு எதையோ சொல்லிக்காட்டணும்னு காத்துக்கிட்டு இருக்கிறவங்கதான் அதோட நிஜ வாசகர்கள். அவங்க வாயால சொல்லக் கூசறதை அது சொல்லிக்குடுக்குது. நாலு வருஷமா நான் அதை வெளியில தேடினேன் சார். பட்டியல்ல என் பேரும் இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் அது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சது. அதை மறைச்சா அத்தியாயத்துல பாதி போயிடும்."

அவர் அடுத்துக் கேட்டது, கையெழுத்துப் போடப் பேனாதான்.

வெற்றிச் செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தின் நடுவில் மேசை நின்றுகொண்டிருந்தது. தச்சர் அன்று பார்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். நல்ல நீளம், வழவழப்பு, இரண்டு பக்கமும் இழுப்பறை. அவர்களின் கணவர்களான அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, பின்பக்க அறைக்குத் தூக்கத் தயாராக நின்றார்கள்.

"டாக்டரம்மா ஆயிட்டியா?" என்று பெரியவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "வா, உன் அறையில எப்படிப் போடணும்னு சொல்லு."

"இருங்கக்கா." சின்னவள் பையைக் கீழே வைத்தாள். "அந்த அறை விஷயத்தை மறுபடி கேட்கணும். போன தடவை நான் என் பதிலைச் சொல்லிட்டுத்தான் உங்களைக் கேட்டேன். அந்தச் சுற்று செல்லாது. இப்ப நான் வெளியில நிக்கிறேன். நீங்க உங்க பதிலைச் சொல்லுங்க."

"என்னடி விளையாட்டு? உனக்கு எது..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். பாதியில் நின்றுவிட்டாள்.

சின்னவள் வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழுவின் முன்னால் நின்றபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. நியாயமாகக் கேட்டுவிட்டோம், அக்கா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிடுவாள், அறையும் கிடைக்கும் நல்ல பெயரும் கிடைக்கும் என்று ஓர் ஓரத்தில் நப்பாசை இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே மேசையைத் தூக்கிப் பிடித்திருந்த இருவரில் யாரோ, "சீக்கிரம் சொல்லுங்கம்மா, கை வலிக்குது" என்று முனகியது கேட்டது.

"அந்த அறை எனக்கு வேணும்," என்றது பெரியவளின் குரல்.

முதலில் மெதுவாகத்தான் வந்தது. தானே அதைக் கேட்டுப் பார்த்ததுபோல் ஒரு நிமிடம் விட்டு, பல் மருத்துவமனையில் பத்துப் பேரை வரிசையில் உட்காரவைக்கிற குரலில் மறுபடி வந்தது.

"எனக்கு அந்த ஜன்னல் வேணும். உனக்குத் தர மாட்டேன்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. உடனே சிரிப்பும் வந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"சரிக்கா. நான் சாப்பாட்டு மேசையிலயே எழுதிக்கறேன். இந்த மேசையைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. திருப்பி எடுத்துக்க மாட்டார்."

பெரியவள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இழுப்பறையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"எதுக்குத் திருப்பித் தரணும்?" என்றாள். "ஜன்னல் பக்கமாப் போடுங்க. எனக்குக் காலை நீட்டிக்க வசதியா இருக்கும்."